‘நத்திங் சார்’ என்று எழுந்து வராதீர்கள்: இன்டர்வியூவில் நாம் கேட்க வேண்டியவை

இன்டர்வியூ முடியும் நேரம். எதிரே இருப்பவர் ஃபைலை மூடி வைத்துவிட்டு, "உங்களுக்கு ஏதாவது கேட்கணுமா?" என்கிறார். அந்த இடத்தில் "நோ சார், நத்திங் சார், தேங்க்யூ சார்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு எழுந்து வருகிறவர்கள்தான் அதிகம். நானும் என் முதல் இன்டர்வியூவில் அப்படித்தான் எழுந்து வந்தேன். வேலை கிடைத்தது. சேர்ந்த மூன்றாவது நாள்தான் ஷிஃப்ட் மாலை 6.30 மணியிலிருந்து விடிகாலை 3.30 மணி வரை என்று தெரிந்தது. ஆஃபர் லெட்டரில் 'நிறுவனத் தேவைக்கேற்ப' என்று ஒரு வரி இருந்தது, நான் அதைப் படித்தும் இருந்தேன், ஆனால் அதற்கு என்ன அர்த்தம் என்று யாரையும் கேட்கவில்லை. கம்பெனி கேப் (கார்) சென்னை வேளச்சேரி விஜயநகர் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து தண்டீஸ்வரத்தில் இருந்த ரூமுக்கு, தெருநாய்களுக்குப் பயந்து கையில் ஒரு கல்லோடு நடப்பேன். பதினோரு மாதம். "ஷிஃப்ட் டைமிங் என்ன சார்?" என்று நான்கு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

இப்போது எட்டு வருடமாக மேசைக்கு அந்தப் பக்கம், பேனலில் உட்காருகிறேன். அங்கிருந்து பார்த்துத் தெரிந்துகொண்டதையும், நான் பட்டதையும் சேர்த்து எழுதுகிறேன். முதல் வேலை தேடுகிறவர்களுக்கும், ஒரு வேலையிலிருந்து அடுத்ததற்கு மாறுகிறவர்களுக்கும் பயன்படும்.

முதலில் ஒன்று சொல்லிவிட வேண்டும். நாம் ஏன் கேட்பதில்லை? கேள்வியே இல்லாமல் இல்லை. ரூமுக்கு வந்து நண்பர்களிடம் இருபது கேள்வி கேட்போம். பெரியவர்களிடம் எதிர்த்துக் கேட்காதே என்று வளர்ந்திருக்கிறோம், வாத்தியாரிடம் கேட்டால் "அதிகப்பிரசங்கி" என்று பேர் வாங்கியிருக்கிறோம், அதனால் வேலை கொடுக்கிறவரிடம் கேட்டால் திமிர் என்று நினைத்துவிடுவாரோ என்று பயம். தமிழ் மீடியத்தில் படித்தவர்களுக்கு இன்னொரு பயமும் சேர்ந்துகொள்கிறது, இவ்வளவு நேரம் மனப்பாடம் செய்த ஆங்கிலத்தில் சமாளித்தாயிற்று, இப்போது சொந்தமாக ஒரு கேள்வி கேட்கப் போய் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று. பேனலில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: கேள்வி கேட்டவரைத் திமிர் பிடித்தவர் என்று நான் நினைத்ததே இல்லை. எதிரே இருப்பவருக்குத் தமிழ் தெரியும் என்றால் "சார், இதைத் தமிழ்லயே கேட்கலாமா?" என்று கேளுங்கள். சென்னையிலும் கோவையிலும் பெரும்பாலும் சரி என்றுதான் சொல்வார்கள்.

போன வருடம் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலைக்கு ஒரு பெண் வந்தார். போளூர் பக்கம், இரண்டாவது வேலை தேடி வந்திருந்தார். கடைசியில் எங்கள் மேனேஜர் வழக்கமான அந்தக் கேள்வியைக் கேட்டதும், கையில் இருந்த சின்ன நோட்டைப் பார்த்துக்கொண்டு, "சார், முதல் மூணு மாசம் முடியும்போது நான் என்னென்ன செஞ்சிருந்தா, இந்தப் பொண்ணை எடுத்தது சரிதான்னு நினைப்பீங்க?" என்றார். மேனேஜர் ஒரு பேப்பரை எடுத்துக் கட்டம் போட ஆரம்பித்துவிட்டார். முதல் வாரம் சிஸ்டம் அக்சஸ் வரவே போய்விடும், அடுத்த இரண்டு வாரம் பழைய பக் லிஸ்டைப் படிக்க வேண்டும், தனியாகப் பயிற்சி எதுவும் கிடையாது, இரண்டாவது மாதத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு வியாழக்கிழமை ரிலீஸ் (புது வெர்ஷன் வெளியிடும் நாள்). அந்தப் பெண் அங்கே பிடித்தார். "ரிலீஸ் அன்னைக்கு எத்தனை மணி ஆகும் சார்?" "பதினொண்ணு ஆயிடும்." "அன்னைக்கு கேப் உண்டா? வீட்டு வாசல் வரைக்குமா, மெயின் ரோட்டோடயா?" மேனேஜர் என்னைப் பார்த்தார், நான் ஹெச்ஆரைப் பார்த்தேன், யாருக்கும் உடனே பதில் தெரியவில்லை. மறுநாள் விசாரித்து, வாசல் வரை கேப் உண்டு என்று மெயிலில் எழுதிக் கொடுத்த பிறகுதான் அவர் சேர்ந்தார். எல்லாக் கேள்வியையும் அவர் வீட்டிலிருந்தே யோசித்துக்கொண்டு வரவில்லை. ஒன்றைத்தான் கொண்டுவந்தார், மற்றவை அந்தப் பதிலுக்குள்ளிருந்து வந்தன. அதனால் ஒரு கேள்வி கேட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவாதீர்கள், பதிலைக் காது கொடுத்துக் கேளுங்கள்.

போவதற்கு முந்தின நாள் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். கம்பெனி என்ன செய்கிறது, கிளைகள் எங்கே என்பதெல்லாம் அவர்கள் இணையதளத்திலேயே இருக்கும், அதைப் போய் அவர்களிடம் கேட்டால் படித்துவிட்டு வரவில்லை என்றுதான் தெரியும். அதை விட உபயோகமான ஒன்று இருக்கிறது. பிஎஃப் என்னும் வருங்கால வைப்பு நிதியை நிர்வகிக்கும் அரசு அமைப்பான இபிஎஃப்ஓவின் தளத்தில் நிறுவனத்தின் பெயரைப் போட்டுத் தேடும் வசதி உண்டு, லாகின் எதுவும் வேண்டாம். அந்த நிறுவனம் எந்தெந்த மாதம் பிஎஃப் பணம் கட்டியிருக்கிறது, எத்தனை பேருக்குக் கட்டியிருக்கிறது என்று பார்க்கலாம். "எங்க கிட்ட 200 பேர் இருக்காங்க" என்று சொல்லும் கம்பெனி 30 பேருக்குத்தான் பிஎஃப் கட்டுகிறது என்றால், மற்றவர்கள் எந்த ரோலில் இருக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். மாதா மாதம் தாமதமாகக் கட்டுகிறது என்றால் சம்பளமும் தாமதமாக வரலாம். 20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனத்துக்கு பிஎஃப் கட்டாயம், 10 பேர் அல்லது அதற்கு மேல் என்றால் ஈஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் காப்பீடு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு ஈஎஸ்ஐ பொருந்தும். இதைத் தெரிந்து வைத்துக்கொண்டு போனால் "எங்க கம்பெனில அதெல்லாம் கிடையாதுப்பா" என்று சொல்லும்போது அது சலுகை மறுப்பா, சட்ட மீறலா என்று உங்களுக்குப் புரியும்.

யாரிடம் எதைக் கேட்பது என்பதும் முக்கியம். டெக்னிக்கல் ரவுண்டில் வருகிறவருக்கு உங்கள் சம்பளம், லீவு, பாண்ட் (இத்தனை காலத்துக்குள் விலகினால் பணம் கட்ட வேண்டும் என்ற ஒப்பந்தம்) எதுவும் தெரியாது, அவரிடம் வேலையைப் பற்றிக் கேளுங்கள். மேனேஜரிடம் டீமைப் பற்றி. பணம், சட்டம், கடிதம் எல்லாம் ஹெச்ஆரிடம், அதுவும் உங்களை எடுப்பது ஏறக்குறைய உறுதியான பிறகு. முதல் ரவுண்டில் பத்து நிமிடத்துக்குள் லீவு எத்தனை என்று கேட்டால் வேலைக்கு வரும் முன்னே லீவு போட வருகிறான் என்றுதான் படும். அதே கேள்வி கடைசி ரவுண்டில் நியாயமான கேள்வி.

வேலையைப் பற்றிக் கேட்க எனக்குப் பிடித்த கேள்வி இது: "இந்த இடம் புதுசா உருவானதா, இல்ல யாராவது விட்டுட்டுப் போனதா?" விட்டுப் போனது என்றால், "அவங்க இப்ப எங்க இருக்காங்க சார்?" என்று சாதாரணமாகக் கேளுங்கள், போலீஸ் விசாரிப்பது போல் வேண்டாம். "ப்ரமோஷன்ல வேற டீமுக்குப் போயிட்டார்" என்றால் நல்ல செய்தி. "கல்யாணம் ஆகி பெங்களூரு போயிட்டாங்க" என்பதும் சரி. பதில் வராமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள் என்றால், அல்லது ஒரு வருடத்தில் அந்த நாற்காலியில் மூன்று பேர் உட்கார்ந்து எழுந்திருக்கிறார்கள் என்று தெரிந்தால், நாலாவது ஆளாக நீங்கள் போய் உட்கார்வதற்கு முன் யோசிக்க வேண்டும். புதிதாக உருவான இடம் என்றால் கேள்வி மாறும்: "இப்ப இந்த வேலையை யார் பார்த்துக்கிட்டு இருக்காங்க?" யாரும் பார்க்கவில்லை என்றால் எல்லாமே நீங்கள்தான் முதலிலிருந்து கட்ட வேண்டும். சிலருக்கு அது பிடிக்கும், முதல் வேலைக்கு வருகிறவருக்கு அது கழுத்தளவு தண்ணீர்.

இன்னொன்று. விதியைக் கேட்டால் விதிதான் பதிலாக வரும், அதனால் நடந்ததைக் கேளுங்கள். "ஆபீஸ் டைமிங் என்ன?" என்றால் "ஒன்பதரை டு ஆறரை" என்பார்கள், அது சுவரில் ஒட்டியிருக்கிற நேரம். "நேத்து டீம்ல எல்லாரும் எத்தனை மணிக்குக் கிளம்புனாங்க சார்?" என்று கேட்டுப் பாருங்கள், அவர் யோசிப்பதிலேயே பாதி தெரிந்துவிடும். "சனிக்கிழமை வேலை உண்டா?" என்பதற்குப் பதில் "போன மாசம் எத்தனை சனிக்கிழமை வந்தீங்க?" "இன்க்ரிமென்ட் உண்டா?" என்றால் யாராக இருந்தாலும் உண்டு என்பார்கள். "போன வருஷம் எந்த மாசம் கொடுத்தீங்க?" என்பதற்கு ஒரு மாதத்தின் பெயர்தான் பதிலாக வர வேண்டும், வராவிட்டால் கொடுக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். "நாங்க எல்லாரும் ஒரே குடும்பம் மாதிரி" என்று சொன்னால் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டு, "ரொம்ப நல்லது சார், போன தீபாவளிக்கு எத்தனை நாள் லீவு விட்டாங்க?" என்று கேளுங்கள். தமிழ்நாட்டில் 1958ஆம் வருடச் சட்டப்படி தொழில் நிறுவனங்கள் வருடத்துக்கு 9 நாள் தேசிய, பண்டிகை விடுமுறை சம்பளத்தோடு விட வேண்டும்: ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, அதற்கு மேல் ஐந்து பண்டிகை நாட்கள்.

இனி பணம். இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இதில்தான் பிள்ளைகள் அதிகம் ஏமாறுகிறார்கள், வீட்டில் அம்மா அப்பாவிடம் ஒரு தொகையைச் சொல்லிவிட்டு முதல் மாதம் வேறு தொகை வந்ததும் தலை குனிந்து நிற்கிறார்கள்.

வருடத்துக்கு 4,20,000 ரூபாய் சிடிசி, அதாவது உங்களுக்காகக் கம்பெனி செலவழிக்கும் மொத்தத் தொகை, என்கிறார்கள் என்று வையுங்கள். 12 ஆல் வகுத்தால் 35,000. அது கைக்கு வராது. அதில் 10 சதவீதம் வேரியபிள் பே என்றால் 42,000 போயிற்று, அது வருடக் கடைசியில், அதுவும் டார்கெட் எட்டினால்தான். கம்பெனி கட்டும் பிஎஃப் பங்கையும் பெரும்பாலும் சிடிசிக்குள்ளேயே வைப்பார்கள். பிஎஃப் கணக்குக்கான சம்பள உச்சவரம்பான 15,000 ரூபாயில் 12 சதவீதம் என்று கணக்கிட்டால் மாதம் 1,800, வருடத்துக்கு 21,600. பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், மாதம் 17,500 என்றால் கிராச்சுட்டி (வேலையை விடும்போது தரும் பணிக்கொடை) என்று அதில் 4.81 சதவீதம், வருடத்துக்குச் சுமார் 10,100, அதுவும் உள்ளேதான். மெடிக்கல் இன்ஷூரன்ஸ் பிரீமியம் என்று ஒரு 6,000 வையுங்கள். எல்லாம் போக மிச்சம் ஏறக்குறைய 3,40,300, மாதத்துக்கு 28,350 சொச்சம். அதிலிருந்து உங்கள் பங்கு பிஎஃப் 1,800 பிடிப்பார்கள். தொழில் வரி அரையாண்டுக்கு 1,250 வரை, மாதக் கணக்கில் 200 ரூபாய் சொச்சம். கையில் வருவது சுமார் 26,350 ரூபாய். 35,000 என்று நினைத்து மேடவாக்கத்தில் வீடு பார்த்தவர் என்ன செய்வார்?

ஆகவே கேட்க வேண்டியது இதுதான்: "மேடம், வேரியபிள் இல்லாம மாசம் அக்கவுண்ட்ல எவ்வளவு கிரெடிட் ஆகும்?" கூடவே, "போன வருஷம் வேரியபிள் எத்தனை சதவீதம் கொடுத்தீங்க?" இதற்குக் கூச்சப்படவே கூடாது. ஹெச்ஆரில் இருப்பவர்கள் தினமும் பார்க்கும் கணக்கு இது, ஒரு எக்செல் ஷீட்டைத் திறந்து இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். சேலரி பிரேக்அப்பை மெயிலில் அனுப்பச் சொல்லுங்கள். கிராச்சுட்டியைப் பற்றி ஒரு வார்த்தை: நிரந்தர வேலையில் ஐந்து வருடம் முடிந்தால்தான் அது கைக்கு வரும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில், குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் வேலைக்கு எடுக்கப்படுகிறவர்களுக்கு ஒரு வருடம் முடிந்தாலே கிராச்சுட்டி உண்டு. எல்லோருக்கும் நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. அதனால் ஆஃபர் லெட்டர் எப்போது, அப்பாயின்ட்மென்ட் லெட்டர் எப்போது என்று கேட்பது உங்கள் உரிமை.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர் பக்கம் ஃபேக்டரி வேலைக்குப் போகிறவர்கள் இதை எல்லாவற்றுக்கும் முன்னால் கேளுங்கள்: "கம்பெனி ரோலா, காண்ட்ராக்ட் ரோலா?" அதாவது உங்கள் பெயர் இருப்பது கம்பெனியின் சம்பளப் பட்டியலிலா, ஆள் எடுத்துக் கொடுக்கும் காண்ட்ராக்டரின் பட்டியலிலா? கேட்டில் பெரிய பிராண்டின் பெயர் இருக்கும், யூனிஃபார்மிலும் இருக்கும், பேஸ்லிப்பில் மட்டும் நீங்கள் கேள்விப்படாத ஒரு பெயர் இருக்கும். காண்ட்ராக்ட் ரோலில் சேருவதே தப்பு என்று சொல்லவில்லை, எத்தனையோ குடும்பம் அதில்தான் ஓடுகிறது. ஆனால் தெரிந்து சேர வேண்டும். "பிஎஃப் யார் பேர்ல கட்டுவாங்க? போன வருஷம் காண்ட்ராக்ட்ல இருந்து கம்பெனி ரோலுக்கு எத்தனை பேரை எடுத்தீங்க?" இந்த இரண்டும் போதும். அப்ரண்டிஸ் என்று சொன்னால் அது பயிற்சி, வருவது ஸ்டைபெண்ட் (பயிற்சிக் கால உதவித்தொகை), முடிந்ததும் வேலை நிச்சயம் என்று யாராவது வாயால் சொன்னால் அதை எழுதித் தரச் சொல்லுங்கள்.

துணிக்கடை, நகைக்கடை வேலை என்றால் தங்குமிடமும் சாப்பாடும் இலவசமா, சம்பளத்தில் பிடிப்பா என்று கேளுங்கள். நாள் முழுக்க நிற்க வேண்டிய வேலையில் உட்கார இடம் தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தமே வந்திருக்கிறது. ஸ்டூல் இருக்கிறதா என்று கேட்கத் தயக்கமாக இருந்தால் கடைக்குள் ஒரு சுற்று சுற்றிவிட்டு வாருங்கள், கண்ணாலேயே தெரியும்.

பாண்ட் பற்றி. "பாண்ட் எல்லாம் கோர்ட்ல நிக்காதுடா" என்று நண்பர்கள் சொல்வார்கள். அதை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், ஒரு பொதுத்துறை வங்கி சம்பந்தப்பட்ட வழக்கில், மூன்று வருடத்துக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று சொல்லியிருக்கிறது. வேலையை விட்ட பிறகு போட்டிக் கம்பெனியில் சேரவே கூடாது என்று தடுப்பது 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவுப்படி பொதுவாகச் செல்லாது, அது வேறு விஷயம், இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆகவே பாண்ட் உண்டா, எத்தனை மாதம், எவ்வளவு தொகை, எந்தத் தேதியிலிருந்து கணக்கு, ட்ரெய்னிங் காலமும் அதில் சேருமா, நாள் ஆக ஆகத் தொகை குறையுமா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்வோம் என்றால் "வெரிஃபை பண்ணிட்டு இன்னைக்கே கொடுத்துடுவீங்களா?" என்று கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால் அந்த வேலை வேண்டாம், இதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது. ஒரிஜினலைக் கொடுத்துவிட்டு, அடுத்த வேலை கிடைத்தும் போக முடியாமல் ஒன்றரை வருடம் தவித்தவரை எனக்குத் தெரியும். டெபாசிட், ட்ரெய்னிங் ஃபீஸ் என்று உங்களிடம் பணம் கேட்கும் இடத்தில் கேள்வியே வேண்டாம், எழுந்து வந்துவிடுங்கள்.

நோட்டீஸ் பீரியட் (விலகுவதற்கு எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும் என்பது) 30 நாளா, 60 நாளா, 90 நாளா என்று கேட்பதோடு நிறுத்தாமல், "கம்பெனி என்னை அனுப்பினாலும் அதே நாள்தானா?" என்றும் கேளுங்கள். ப்ரொபேஷன் என்னும் தகுதிகாண் காலத்தில் எத்தனை நாள் என்பது தனி.

பெண்கள் கேட்கத் தயங்கும் இரண்டு விஷயம் உண்டு. 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லை புகார்களுக்கான உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும் என்பது 2013ஆம் வருடச் சட்டம். "கமிட்டியில யார் இருக்காங்க மேடம்?" என்று கேட்டால் பெயர் சொல்லத் தெரிய வேண்டும். பேறுகால விடுப்பு முதல் இரண்டு குழந்தைக்கு 26 வாரம். அதை இன்டர்வியூவில் கேட்டால் வேறு மாதிரி நினைப்பார்களோ என்று கவலையாக இருந்தால், ஆஃபர் வந்த பிறகு "லீவ் பாலிசி டாக்குமென்ட் அனுப்ப முடியுமா?" என்று பொதுவாகக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

இவ்வளவையும் ஒரே உட்காரலில் கேட்க முடியாது, கேட்கவும் கூடாது. பேனலிடம் இரண்டு, மிஞ்சினால் மூன்று. எதிரே இருப்பவர் அடுத்தவருடைய ரெஸ்யூமேயைப் புரட்ட ஆரம்பித்துவிட்டார் என்றால் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கேள்விகளைப் பேப்பரில் எழுதிக்கொண்டு போவதில் தப்பே இல்லை. போனில் வைத்துக்கொண்டு பார்க்காதீர்கள், மெசேஜ் பார்க்கிறார் என்று தோன்றும். வெளியே வந்ததும் பஸ் ஏறுவதற்கு முன், எதிரே டீக்கடையிலாவது உட்கார்ந்து, யார் என்ன சொன்னார் என்பதை அதே பேப்பரில் எழுதிவிடுங்கள். ஒரே வாரத்தில் மூன்று வாக்-இன் போனால் எந்த கம்பெனி சனிக்கிழமை லீவு என்றது என்பதே மறந்துவிடும்.

அப்புறம் ஒரு நாள் அந்த போன் வரும். "செலக்ட் ஆயிட்டீங்க, எப்ப ஜாயின் பண்றீங்க, இப்பவே சொல்லுங்க" என்பார்கள். வீட்டில் எல்லோரும் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், வாயில் சரி என்ற வார்த்தை தானாக வந்து நிற்கும். அப்போது, "ரொம்ப சந்தோஷம் மேடம். அன்னைக்கு ஷிஃப்ட், கேப், டேக் ஹோம் பத்தி பேசுனதையும் சேர்த்து மெயில்ல அனுப்புங்க, படிச்சுட்டு நாளைக்குக் காலையில பத்து மணிக்குள்ள சொல்றேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி பத்து மணிக்கு முன்னால் நீங்களே கூப்பிட்டும் விடுங்கள்.